கடலோரப் பழைய வீட்டை அழகுபடுத்தும் வேலையைச் சுவரிலிருந்து தொடங்குங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உங்கள் மாமியாருக்குச் சொந்தமான பழைய மெத்தை வீட்டுக்குக் குடிவந்திருப்பதாகவும், கூடத்துச் சுவர் இடுப்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சுவரின் மேல் செங்கல் வடிவ நுரைத்தாளை ஒட்டி மறைத்துவிடலாமா என்றும், 25,000 ரூபாய்க்குள், இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, பொங்கலுக்குள் வீட்டை எப்படி அழகாக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு நேரடியான பதில், அந்தத் தாளை ஒட்ட வேண்டாம் என்பதுதான். வங்கக் கடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் வீட்டில் சுவரின் ஈரத்தை முதலில் கவனித்து, அடுத்து காற்று வரும் வழியைத் திறந்து, அதன்பிறகே திரைச்சீலை, படம், விளக்கு என்று போக வேண்டும். இந்த வரிசை மாறினால் இந்தப் பொங்கலுக்குச் செய்த அலங்காரம் அடுத்த மழைக்காலத்தில் கழன்று விழும்.

உங்கள் வீட்டைப் போன்ற பழைய வீடுகளின் சுவர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் எழுப்பப்பட்டவை. அடித்தளத்தில் ஈரம் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணிலுள்ள தண்ணீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறி, மூன்று நான்கு அடி உயரத்தில் சுவரின் மேற்பரப்புக்கு வந்து காற்றில் உலர்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகி, பூச்சையும் பெயிண்டையும் பின்னாலிருந்து தள்ளுகிறது. சுவர் திறந்திருந்தால் இது வெள்ளைத் தூளாக உதிர்வதோடு நிற்கும். நுரைத்தாள், பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட், சிமெண்டுப் பூச்சு ஆகியவற்றில் எதைக் கொண்டு மூடினாலும், ஈரம் உலர இடமின்றி இன்னும் உயரத்துக்கு ஏறும். தாளுக்குப் பின்னால் பூஞ்சையும் வளரும். சிறு பிள்ளைகளும் முதியவரும் புழங்கும் கூடத்தில் அந்தப் பூஞ்சை மூச்சுத் தொல்லைக்குக் காரணமாகலாம்.

எனவே ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். சமையலறையில் பயன்படுத்தும் அலுமினியத் தாளை ஓரடிச் சதுரமாக வெட்டி, சுவரோடு அழுத்தி, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாதபடி ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது தாளின் பின்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கூடத்தைப் பார்த்த பக்கம் மட்டும் முத்து முத்தாக வியர்த்திருந்தால் அது அறையின் புழுக்கம், அதற்குக் காற்றோட்டம் போதும். தரையிலிருந்து அரையடி, இரண்டடி, ஐந்தடி உயரங்களில் இப்படி ஒட்டிப் பார்த்தால் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்பது தெளிவாகிவிடும். ஈரம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருந்தால் மொட்டை மாடியையும் தூம்புக் குழாயையும் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டிக் குவிந்திருக்கும் மண், செங்கல், பூந்தொட்டி அனைத்தையும் அகற்றிவிடுங்கள். தெருவை மேலும் மேலும் உயர்த்திப் போட்டிருப்பதால் நம் ஊரின் பல பழைய வீடுகளில் தெருமட்டம் வீட்டுத் தரைக்கு மிக நெருக்கமாக வந்துவிட்டது. மழைநீர் சுவரோரம் தேங்காமல் சரிந்து ஓடுமாறு செய்வதற்கு ஒரு மண்வெட்டியும் ஒரு விடுமுறை நாளும் போதும், ஆனால் உள்ளே நீங்கள் செய்யப்போகும் அத்தனை வேலையையும் அதுதான் காப்பாற்றும்.

பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த தும்புத் தூரிகையால் தேய்த்து, கீழே விரித்த செய்தித்தாளில் சேர்த்து, வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். தட்டினால் பொத்துப் பொத்தென்று ஒலிக்கும் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். ஈரக்கோட்டுக்கு மேல் ஓரடி வரை அதைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் காரையால் பூசச் சொல்லுங்கள். நீங்கள் கொத்தனாரை அழைக்க வேண்டிய ஒரே வேலை இதுதான். அவர் வேலை விரைவில் முடியட்டும் என்று சிமெண்டில் பூசலாம் என்பார், இசைந்துவிடாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சில் பழகிய கொத்தனார்கள் புதுச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள். வைசியாள் வீதி போன்ற இடங்களில் திண்ணையும் தாழ்வாரமுமாகப் பழைய வீடுகள் புதுப்பிக்கப்பட்டு நிற்பது அவர்களுடைய கைத்திறனால்தான்.

அடுத்தது காலம். பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது நம் வழக்கம். ஆனால் இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது, மார்கழிக் கடைசியிலும் சுவர்கள் முழுதாகக் காய்ந்திருப்பதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த தெருக்கள் பல. அப்படி நனைந்த சுவர் காய்வதற்கு மாதக்கணக்காகும். ஈரச் சுவரில் எமல்ஷன் அடித்தால் சில மாதங்களிலேயே கொப்புளம் கிளம்பும். சுண்ணாம்போ ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே தானும் இறுகக்கூடியது. பொங்கலுக்கு வெள்ளையடித்த முன்னோர் கையில் இருந்தது சுண்ணாம்பு என்பதால்தான் அந்த வழக்கம் நம் பருவத்தோடு ஒத்துப்போயிற்று. ஆகவே கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடியுங்கள். எமல்ஷன் ஏற்கெனவே இருக்கும் மாடி அறையை மாசி, பங்குனிக்குத் தள்ளி வையுங்கள். எமல்ஷனின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது என்பதால், கூடத்திலும் பழைய எமல்ஷன் இருந்தால் அதைச் சுரண்டி எடுத்த பிறகே சுண்ணாம்பைத் தொட வேண்டும்.

சுண்ணாம்பு கலக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பலரும் இதை அவசரமாகக் கலந்துவிட்டு, சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டுகிறது என்று குறைப்படுகிறார்கள். ஒரு கிலோ கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. தண்ணீரில்தான் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடும், இரும்புத் தொட்டி ஏற்றது. கலவையை ஒரு நாள் முழுவதும் ஊறவைத்து, முரட்டுத் துணியில் வடிகட்டி, பத்து லிட்டர் சுண்ணாம்புப் பாலுக்கு 40 கிராம் பிசின் என்ற அளவில் வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். சுவரில் ஒட்டுவதற்கும் கையில் ஒட்டாமலிருப்பதற்கும் இந்தப் பிசின்தான் காரணம். வெண்மை பளிச்சென்று தெரிய, ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராமுக்கு மிகாமல் நீலம் சேர்க்கலாம். சுவரை முன்கூட்டியே தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, மட்டையாலோ அகலத் தூரிகையாலோ ஒருமுறை மேலும் கீழுமாகவும், அது காய்ந்தபின் அடுத்த முறை இடமும் வலமுமாகவும், மெல்லிய பூச்சுகளாக மூன்று தடவை அடியுங்கள். அடிக்கும்போது சுவர் சாம்பல் பூத்தாற்போலத்தான் தெரியும். காயக் காய வெளுக்கும், சாம்பல் நிறத்தைப் பார்த்துப் பதறி ஒரேயடியாகக் கெட்டியாக அப்பிவிட வேண்டாம். சுண்ணாம்பு கடுமையான காரம் உடையது, கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். கலக்குவதும் விட்டத்தை ஒட்டி அடிப்பதும் பெரியவர்களின் வேலையாக இருக்கட்டும், அதுவும் கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டு. பிள்ளைகள் அந்த நேரத்தில் கூடத்தில் இருக்கக் கூடாது.

நிறத்தைப் பொறுத்தவரை, கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சு வீதிகளின் மஞ்சளும் வெள்ளை விளிம்பும் உங்களைக் கவர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த வீடுகள் உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்டவை. உங்கள் கூடத்தில் நாற்புறமும் அந்த மஞ்சளை அடித்தால் அறை சுருங்கித் தெரியும். முற்றத்து வெளிச்சம் நேராக விழும் ஒரு சுவரில் மட்டும் மஞ்சள் காவியைச் சுண்ணாம்பில் கலந்து அடித்து, மற்றவற்றை வெள்ளையாக விடுவதே என் தேர்வு. நிறப்பொடி சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சுண்ணாம்பைத் தாங்கும் காவிப் பொடிகளையே வாங்குங்கள், மற்றச் சாயங்கள் அதன் காரத்தில் வெளுத்துவிடும். தரையிலிருந்து இரண்டரை அடிக்குச் செங்காவிப் பட்டை அடிப்பது பழைய வழக்கம். ஈரக்கறையும் பிள்ளைகளின் கைத்தடமும் தெரியாமலிருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சன்னல்களிலும் கதவுகளிலும் அடுக்கடுக்காகப் பழைய எனாமல் பெயிண்ட் இருப்பதாகச் சொன்னீர்கள். இதை நீங்கள் மிகவும் கவனத்தில் கொள்ள வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூள் வீடெங்கும் பறக்கும். சிறு பிள்ளைகளின் உடலில் ஈயம் சேர்ந்தால் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்து, சேற்றை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகள் அன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும். கழற்றிப் போட்ட பழைய பலகைகளைப் போகியன்று கொளுத்த வேண்டாம், பெயிண்டிலுள்ள ஈயம் புகையிலும் சாம்பலிலும் கலந்துவிடும்.

சுவர் முடிந்ததும் காற்று. இங்கே கடற்காற்று கோடை நாள்களில் நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசத் தொடங்குகிறது. அந்தத் திசையிலுள்ள சன்னலை எந்த அலமாரியும் மறைக்கக் கூடாது. எந்தப் பீரோவும் வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கக் கூடாது, நான்கு விரல் இடைவெளி விட்டால் பின்னால் பூஞ்சை பிடிக்காது. முற்றத்துக்கு மேல் கூரைத் தகடு போட்டிருந்தால் சுற்றிலும் ஓரடி உயர்த்திப் பொருத்துங்கள், சூடான காற்று மேலேறி வெளியேற அதுவே வழி.

திரைச்சீலைக்குக் கடையில் தைத்து விற்கும் கனத்த பாலியஸ்டர் துணி வேண்டாம். கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடியில் நெய்யும் கைத்தறிக் கைலிகளை வாங்கிவந்து தைத்துப் பாருங்கள். ஒரு கைலி ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமும் நான்கடி அகலமும் இருக்கும். நான்கடி அகலச் சன்னலுக்கு இரண்டு கைலிகளை மூட்டாமல் தொங்கவிட்டால் சன்னலைப் போல் இருமடங்கு அகலம் கிடைத்து மடிப்பு அழகாக விழும். மேலே கம்பி நுழைய இரண்டங்குலமும் கீழே மடித்துத் தைக்க மூன்றங்குலமும் போக, உயரம் தாராளமாகப் போதும். தைக்கும் முன் ஒருமுறை நனைத்து உலர்த்துங்கள், பருத்தி சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும். உங்கள் மாமியாருக்குத் தையல் தெரியும் என்பதால் கட்டத்தையும் நிறத்தையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். திரைக்கம்பி சன்னலின் இருபுறமும் அரையடி நீண்டிருந்தால், பகலில் துணியை முழுதாக ஒதுக்கிக் காற்றுக்கு வழிவிடலாம். கம்பியும் திருகும் துருப்பிடிக்காத எஃகாகவோ பித்தளையாகவோ இருக்க வேண்டும். சாதாரண இரும்பு கடற்காற்றில் விரைவிலேயே துருவேறிச் சுவரில் வழியும்.

பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை என்று ஒன்றைக் கேட்டிருந்தீர்கள். செங்காவிப் பட்டையின் மேல்விளிம்பை ஒட்டிச் சிக்குக் கோலக் கரை ஒன்றை அச்சுத்தகடு வைத்து அடிக்கச் சொல்வேன். பயனற்றுப்போன எக்ஸ்ரே தாள்களைக் குளோரின் கலந்த துணி வெளுப்பானில் பெரியவர் ஒருவர் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்புப் படிவு போய்க் கண்ணாடி போன்ற தாள் கிடைக்கும். உங்கள் மாமியார் போடும் கோலத்தைத் தாளில் வரையச் சொல்லி, அதன் மேல் இந்தத் தாளை வைத்து, கோடுகளைக் கத்தியால் வெட்டி எடுங்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. சிக்குக் கோலத்தின் கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து தன்னோடு தானே சேர்ந்துவிடும். அதை அப்படியே முழுதாக வெட்டினால் நடுவிலுள்ள துண்டு கழன்று விழும். ஆகவே ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு இடங்களில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டாமல் விட்டுவிடுங்கள். அடித்து முடித்தபின் அந்த இடைவெளிகளைப் பிள்ளைகள் சிறிய தூரிகையால் நிரப்பிவிடுவார்கள். தண்ணீரில் கரையும் வெள்ளை நிறத்தைப் பஞ்சில் தொட்டு, முதலில் செய்தித்தாளில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த பஞ்சால் தட்டித் தட்டி வைக்க வேண்டும். பஞ்சு நனைந்திருந்தால் தகட்டுக்கு அடியில் நிறம் பரவிக் கோடு தடித்துவிடும். சுவரில் முதலில் பென்சிலால் நேர்கோடு இழுத்து, நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் போனால் மூலையில் கோலம் பாதியில் நிற்காது.

படங்களை மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். பல படங்களைச் சேர்த்து மாட்டுவதாக இருந்தால் ஒவ்வொன்றின் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் பார்த்துப் பிடித்த பிறகு ஆணி அடியுங்கள். சட்டத்தின் பின்பக்க மூலைகளில் சிறிய ரப்பர் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். மாமனாரின் பழைய புகைப்படங்கள் செல்லரிக்காமல் இருக்க இது மிகவும் அவசியம். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடக் கூடாது, உள்ளே மின்கம்பி போகிறது.

அலமாரித் தட்டுகளுக்குத் துகள் பலகை வாங்காதீர்கள், இந்த ஈரக்காற்றில் அது ஊதி உப்பிவிடும். பண்ருட்டிப் பக்கத்தில் கிடைக்கும் பலாமரப் பலகை நீண்ட நாள் உழைக்கும். மஞ்சளாக இருப்பது ஆண்டுகள் செல்லச் செல்லத் தேன்பழுப்பாக மாறும் அழகும் அதற்கு உண்டு. ஒட்டுப்பலகைதான் வேண்டுமென்றால் நீரைத் தாங்கும் பலகைக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாகப் பாருங்கள்.

அலங்காரப் பொருள்களுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. வில்லியனூர்ச் சுடுமண் பொருள்களும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959 முதல் இயங்கிவருகிறது. அந்தக் காகிதத்தை மூங்கில் வளையத்தில் ஒட்டினால் அருமையான விளக்குக் கூடு கிடைக்கும், உள்ளே எல்.இ.டி. பல்பு மட்டுமே போடுங்கள். பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி முற்றத்து மூலையில் வைத்தாலே கூடத்துக்கு ஒரு நிறைவு வந்துவிடும்.

செங்காவித் தரையின் மேல் டைல்ஸ் போட வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் படாமல் மென்மையான சோப்புநீரால் கழுவி, நன்கு காய்ந்தபின் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, வேறு துணியால் வழுக்காதபடி அழுத்தித் துடைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை இப்படிச் செய்துவந்தால் சில மாதங்களில் முகம் தெரியும் அளவுக்கு மினுக்கம் திரும்பும்.

மாடியில் உப்புக்காற்றைத் தாங்கும் காகிதப்பூவும் நித்தியகல்யாணியும் கற்றாழையும் நன்றாக வரும். அரளி நஞ்சுடையது என்பதால் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டுகளில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டிவிடுங்கள், டெங்குக் கொசு அதில்தான் பெருகும்.

பணத்தைப் பொறுத்தவரை, உங்கள் தொகையில் பாதியைச் சுவருக்கும் கொத்தனாருக்கும் ஒதுக்குங்கள். கால் பங்கு சன்னல், திரை, கம்பி ஆகியவற்றுக்குப் போகும். மிச்சத்தில் கோலக் கரைக்கும் விளக்குக்கும் சிறிது எடுத்துக்கொண்டு, மாடி அறைக்கான பெயிண்டுக்கு ஒரு பகுதியைத் தனியே வையுங்கள். அந்த அறை 10 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவும் இரண்டு சன்னல்களும் போக ஏறத்தாழ 390 சதுர அடி மிஞ்சும். ஒரு லிட்டர் இரண்டு பூச்சுக்கு எத்தனை சதுர அடி வரும் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். அது 120 என்றால் மூன்றேகால் லிட்டர் ஆகும், எனவே நான்கு லிட்டர் வாங்கினால் போதும், கடைக்காரர் பத்து லிட்டர் டப்பாவை எடுத்துக்கொள்ளச் சொன்னாலும் வேண்டாம். வாங்குவதற்கு முன் அந்தச் சுவரிலும் அலுமினியத் தாளை ஒட்டிப் பாருங்கள். பின்பக்கம் காய்ந்திருந்தால் மாசியிலேயே பிரைமரைத் தொடங்கலாம், நனைந்திருந்தால் பங்குனி வரை பொறுங்கள்.